சீட்டும் பச்சையும்: சீட்டாட்டப் பிரியர்கள் உடலில் வரைந்துகொள்ளும் சித்திரங்கள் – ஒரு பாடம்



நம் சங்கத்தின் நூலக அறையில் ஞாயிறு மாலைகளில் இருபத்தெட்டு ஆடும் வழக்கம் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. பணம் வைப்பதில்லை, தோற்ற அணி தேநீர் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். அண்மைக் காலமாக அந்த மேசையில் பெரியவர்களோடு இளைஞர்களும் அமர்கிறார்கள். புனே நகரிலேயே பிறந்து, தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தயங்கும் பிள்ளைகள். சீட்டு மேசைதான் அவர்களைச் சங்கத்திற்கு இழுத்து வருகிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

அந்த இளைஞர்களில் மூவர், தங்களுக்குப் பிடித்த சீட்டுச் சித்திரத்தைப் பச்சை குத்திக்கொள்ளப் போவதாகச் சொன்னார்கள். ஒருவருக்கு இஸ்பேட் ஆஸ். இன்னொருவருக்கு இரண்டு ஆஸும் இரண்டு எட்டும். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணுக்கு ஐந்து நிற வட்டங்கள் கொண்ட ஒரு சின்னம். இரண்டாமவர் துணை ராணுவப் படைத் தேர்வுக்குத் தயாராகி வருபவர். அவருடைய தந்தை என்னிடம், "அண்ணா, உங்க மேசையில உட்கார்ந்துதான் இந்த ஆசை வந்தது. நீங்களே சொல்லி நிறுத்துங்க" என்றார்.

பதினெட்டு வயது கடந்த ஒருவரை நிறுத்துவது என் வேலை அன்று. ஆனால் ஒரு சித்திரத்தின் பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது, அதை உடலில் தாங்கினால் பிறர் எப்படிப் படிப்பார்கள் என்பவற்றைச் சொல்ல முடியும். அதைத்தான் இப்பாடத்தில் செய்ய முயல்கிறேன். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படித்தால் நல்லது.

1. முதலில் சில சொற்கள்

பச்சை குத்துதல் நமக்குப் புதிதல்ல. கரியைத் தோலுக்கு அடியில் செலுத்தினால் அது நாளடைவில் பசுமை கலந்த நீலமாகத் தெரியும்; அதனால்தான் 'பச்சை' என்ற பெயர். இன்று எல்லோரும் சொல்லும் 'டாட்டூ' என்ற சொல் பசிபிக் தீவு மக்களின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 1769-ல் காப்டன் குக்கின் கப்பல் டஹிட்டித் தீவை அடைந்தபோது அங்கே இவ்வழக்கத்தைக் கண்டவர்கள் அச்சொல்லையும் எடுத்துச் சென்றார்கள். அதன்பின் மாலுமிகளிடையே இது வேகமாகப் பரவியது.

சீட்டுக்கட்டு ஐரோப்பாவிற்கு வந்தது 1370-களில். நாம் இன்று ஆடும் கட்டிலுள்ள நான்கு குறிகள் ஏறத்தாழ 1480-ல் பிரான்சில் உருப்பெற்றவை. ஒரே வண்ணத்தில், தகட்டில் வெட்டி எளிதாக அச்சிடக்கூடிய குறிகள் என்பதால் விலை மலிந்தது, உலகெங்கும் பரவியது. பச்சைக்கும் இவை பொருந்திப் போனதற்கு இதுவே காரணம் எனலாம். கறுப்பு, சிவப்பு என்னும் இரண்டே வண்ணங்கள், சில கோடுகள், பத்தடி தூரத்திலிருந்தும் அடையாளம் தெரியும். 1891-ல் நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓ'ரெய்லி மின்சாரத்தால் இயங்கும் பச்சை இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் இத்தகைய சிறு சித்திரங்களைச் சில நிமிடங்களில் குத்திவிட முடிந்தது.

இந்தக் குறிகளின் பெயர்களைக் கவனியுங்கள். தமிழில் நாம் இஸ்பேட், ஆட்டின், டைமண்ட், கிளாவர் என்கிறோம். நம் அண்டை வீட்டு மராத்தி நண்பர்கள் இஸ்பிக், பதாம், சௌகட், கில்வர் என்பார்கள். இதயம் அவர்களுக்கு வாதுமைக் கொட்டையாகவும், டைமண்ட் ஒரு சட்டமாகவும் தெரிகிறது. இந்திக்காரர்களுக்கோ அதே இதயம் 'பான்', அதாவது வெற்றிலை. டைமண்ட் 'ஈன்ட்', அதாவது செங்கல். கிளாவர் 'சிடி', சிறு பறவை. இஸ்பேட் 'ஹுக்கும்', ஆணை. பிரெஞ்சுக்காரர்களுக்கு டைமண்ட் தரையில் பதிக்கும் ஓடு. இஸ்பேட் ஈட்டி முனை. ஆங்கிலத்தில் இஸ்பேட்டின் பெயர் மண்வெட்டியைக் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது இத்தாலிய, ஸ்பானிய மொழிகளில் வாளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

ஒரே கோடு ஒருவருக்கு வெற்றிலை, ஒருவருக்கு வாதுமை, ஒருவருக்கு இதயம். குறி ஒன்றுதான், பார்ப்பவர் எந்த ஊரிலிருந்து வந்தாரோ அந்த ஊர்ப் பொருளை அதில் ஏற்றிவிடுகிறார். இப்பாடம் முழுவதற்கும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. இஸ்பேட் ஆஸ்: வரியிலிருந்து மரணத்திற்கு

சீட்டுச் சித்திரங்களில் அதிகம் பேர் விரும்புவது இஸ்பேட் ஆஸ்தான். எந்தக் கட்டை எடுத்துப் பார்த்தாலும் மற்ற மூன்று ஆஸ்களும் எளிமையாக இருக்க, இஸ்பேட் ஆஸ் மட்டும் பெரிதாகவும் பூவேலைப்பாடுகளோடும் இருக்கும். ஏன்? இதற்குக் காரணம் அழகுணர்ச்சி அல்ல, வரி.

இங்கிலாந்தில் ஆன் அரசியின் காலத்தில், 1711-ல், ஒவ்வொரு சீட்டுக்கட்டிற்கும் ஆறு பென்னி வரி விதிக்கப்பட்டது. வரி கட்டியதற்கு அடையாளமாகக் கட்டிலுள்ள ஒரு சீட்டில் முத்திரை குத்தினார்கள். நாளடைவில் அது இஸ்பேட் ஆஸ் என்றாயிற்று. 1765 முதல் அந்த ஒரு சீட்டை மட்டும் அரசாங்க முத்திரை அலுவலகமே அச்சிட்டுக் கொடுத்தது. கள்ளச் சீட்டு அடிப்பது மரண தண்டனைக்குரிய குற்றம். 1805-ல் ரிச்சர்டு ஹார்டிங் என்ற சீட்டு வியாபாரி இஸ்பேட் ஆஸைப் போலியாக அச்சிட்டதற்காகத் தூக்கிலிடப்பட்டார். ஒரு சீட்டுக்காக ஓர் உயிர்! 1828-ல் வந்த வரி ஆஸில் சுருள் சுருளாக வேலைப்பாடு இருந்ததால் மக்கள் அதற்குப் பட்டப்பெயரே வைத்தார்கள். 1862-ல் வரி மூன்று பென்னியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் 1960-ல் அறவே நீக்கப்பட்டது. வரி போன பிறகும் அலங்காரம் நிலைத்துவிட்டது.

இச்சீட்டு மரணத்தின் சின்னமானதில் போர்களுக்குப் பங்குண்டு. 1944-ல் நார்மண்டியில் இறங்கிய அமெரிக்காவின் 101-ஆவது வான்படைப் பிரிவில், எந்த ரெஜிமெண்ட் எது என்று அறிய தலைக்கவசங்களில் சீட்டுக் குறிகளை வரைந்தார்கள். 506-ஆவது ரெஜிமெண்டுக்கு இஸ்பேட், 502-க்கு ஆட்டின், 501-க்கு டைமண்ட், 327-ஆவது கிளைடர் படைக்குக் கிளாவர். அது வெறும் அடையாளக் குறி. ஒருவரை ஒருவர் கண்டுகொள்ள உதவியது. இன்றும் அக்குறிகளைப் பச்சை குத்திக்கொள்ளும் அமெரிக்க வீரர்கள் உண்டு.

வியட்நாம் போரில் கதை மாறியது. 1966-ல் அமெரிக்காவின் 25-ஆவது காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த அதிகாரிகள், பைசைக்கிள் சீட்டுகளைத் தயாரிக்கும் சின்சினாட்டி நிறுவனத்திற்குக் கடிதம் எழுதி, இஸ்பேட் ஆஸ் மட்டுமே கொண்ட கட்டுகளைக் கேட்டார்கள். நிறுவனமும் அனுப்பியது. எதிரிகள் இக்குறியைக் கண்டு அஞ்சுவார்கள் என்று நம்பிச் சீட்டுகளைக் காடுகளிலும் பிணங்களின் மீதும் விட்டுச் சென்றார்கள். ஆனால் வியட்நாமியர் மரபில் இஸ்பேட் மரணத்தின் குறி அன்று. பயமுறுத்தியதைவிட, அனுப்பியவர்களின் மனத்தெம்புக்கே அது பயன்பட்டது. 2003-ல் ஈராக்கில் தேடப்பட்டவர்களின் படங்களைச் சீட்டுக்கட்டாக அச்சிட்டபோது சதாம் உசேனுக்குக் கொடுக்கப்பட்ட சீட்டும் இதுவே.

இசைப் பிரியர்கள் இன்னொரு காரணம் சொல்வார்கள். மோட்டார்ஹெட் என்ற ஆங்கில ராக் குழு 1980-ல் இச்சீட்டின் பெயரிலேயே ஒரு பாடலும் இசைத்தட்டும் வெளியிட்டது. அதன் பாடகர் லெம்மியின் இடது முன்கையில் இஸ்பேட் ஆஸ் பச்சையாக இருந்தது. அவர் சீட்டாட்டத்தைவிடக் காசு போட்டு இழுக்கும் சூதாட்ட இயந்திரத்தையே அதிகம் விரும்பியவர் என்பது வேடிக்கையான செய்தி.

ஆகவே இஸ்பேட் ஆஸ் குத்திக்கொள்பவர் 'நானே முதல்வன்' என்று சொல்ல நினைக்கலாம். பார்ப்பவர் வரி, போர், மரணம், ராக் இசை என நான்கில் எதையும் படிக்கலாம். நம் இருபத்தெட்டு மேசையில் ஆஸுக்கு ஒரு புள்ளிதான். மூன்று புள்ளி பெறும் ஜாக்கிதான் பெரியவர். ஆயினும் ஜாக்கியைப் பச்சை குத்திக்கொள்ள யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

3. இரண்டு ஆஸ், இரண்டு எட்டு

போக்கர் ஆடுவோரிடையே மிகப் பிரபலமான சித்திரம் இது. 'இறந்தவன் கை' என்று பெயர்.

ஜேம்ஸ் பட்லர் ஹிக்காக் என்பவர் அமெரிக்க மேற்குப் பகுதியில் துப்பாக்கி வீரராகவும் காவல் அதிகாரியாகவும் பெயர் பெற்றவர். 1876 ஆகஸ்ட் 2 அன்று டக்கோட்டா பிரதேசத்திலுள்ள டெட்வுட் என்ற சுரங்க ஊரில், ஒரு மதுக்கடையில் போக்கர் ஆடிக்கொண்டிருந்தார். சுவரில் முதுகு சாய்த்தே அமரும் வழக்கமுள்ளவர். அன்று அந்த இருக்கையில் வேறொருவர் அமர்ந்திருந்தார். வாசலுக்கு முதுகு காட்டி அமர வேண்டியதாயிற்று. ஜாக் மெக்கால் என்பவன் பின்னாலிருந்து சுட்டான். ஹிக்காக் அங்கேயே இறந்தார். ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்கள் கூட்டிய நீதிமன்றம் கொலையாளியை விடுவித்தது. அந்த விசாரணை செல்லாது என்று கூறி யாங்க்டன் நகரில் மீண்டும் விசாரித்து, 1877 மார்ச் 1 அன்று அவனைத் தூக்கிலிட்டார்கள்.

இதுவரை வரலாறு. ஹிக்காக் இறக்கும்போது கையில் கறுப்பு ஆஸ் இரண்டும் கறுப்பு எட்டு இரண்டும் இருந்தன என்பது? சம்பவம் நடந்த காலத்துச் செய்திகளில் அப்படி ஒரு குறிப்பு இல்லை. 1926-ல் பிராங்க் வில்ஸ்டாக் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்த பிறகே இக்கதை பரவியது. நடந்ததற்கும் எழுதியதற்கும் இடையே ஐம்பது ஆண்டுகள்! ஐந்தாவது சீட்டு எது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. அதனால்தான் இப்பச்சையில் ஐந்தாவது சீட்டைச் சிலர் கவிழ்த்து வரைகிறார்கள். சிலர் அதன் இடத்தில் குண்டு துளைத்த ஓட்டையை வரைகிறார்கள்.

இதைக் குத்திக்கொள்வோர் 'விதி எப்போது வேண்டுமானாலும் வரும். அஞ்சாமல் ஆடு' என்ற பொருளில் கொள்கிறார்கள். கதை அறியாதவருக்கோ அது நான்கு சீட்டுகள், அதாவது சூதாட்டம். துணை ராணுவத் தேர்வுக்குச் செல்லும் இளைஞரின் கையை நோக்கும் மருத்துவக் குழு டெட்வுட் கதையைக் கேட்க நேரம் ஒதுக்காது.

4. ராஜா, ராணி, ஜோக்கர்

ஆட்டின் ராஜாவை உற்றுப் பாருங்கள். வாளைத் தன் தலைக்கே குத்திக்கொள்வது போல் இருக்கும். அதனால் அவருக்கு 'தற்கொலை ராஜா' என்று பெயர். உண்மையில் பிரான்சின் ரூவான் நகரத்துப் பழைய சீட்டுகளில் அவர் கையில் இருந்தது கோடாரி. மரக்கட்டையில் செதுக்கியவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செதுக்கி, கோடாரியின் தலை காணாமல் போயிற்று. வாளாகத் தெரிந்த மிச்சம் தலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. நான்கு ராஜாக்களில் மீசை இல்லாதவரும் இவரே. மனம் உடைந்த காதலர்களும், பிறருக்காகத் தன்னை அழித்துக்கொள்ளத் துணிந்தவர் என்று காட்ட விரும்புவோரும் இவரைக் குத்திக்கொள்கிறார்கள். செதுக்கியவரின் கைப்பிழை ஒரு தத்துவமாகிவிட்டது!

ஆட்டின் ராணி காதலுக்கு. ராஜாவையும் ராணியையும் கணவனும் மனைவியும் ஆளுக்கொன்றாகக் குத்திக்கொள்வது பல நாடுகளில் பரவலாக உள்ளது.

ஜோக்கர் மற்ற சீட்டுகளைவிட வயதில் மிக இளையவர். 1860-களில் அமெரிக்காவில் யூக்கர் என்னும் ஆட்டத்திற்காகச் சேர்க்கப்பட்டவர். எந்த இனத்தையும் சேராதவர், எந்த இடத்திலும் பொருந்துபவர் என்பதே ரம்மி ஆடுவோருக்கு அவர் மீதுள்ள பிரியத்திற்குக் காரணம். 1940-ல் பேட்மேன் சித்திரக்கதையில் இப்பெயரில் ஒரு வில்லன் தோன்றினான். 2008-ல் வந்த 'தி டார்க் நைட்' திரைப்படத்திற்குப் பிறகு பச்சைக் கடைகளில் ஜோக்கர் என்றாலே அந்தச் சிரித்த முகம்தான். சீட்டு ஜோக்கரை விரும்புகிறவர் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

5. மாலுமிகளின் எச்சரிக்கைப் படம்

மேலை நாட்டு மாலுமிகளிடையே ஒரு பழைய சித்திரம் உண்டு. மதுக் கோப்பைக்குள் ஒரு பெண்; சுற்றிலும் சீட்டுகள், பகடைகள், சில வேளை ஒரு குதிரை லாடம். 'ஆணின் அழிவு' என்பது அதன் பெயர். ஹவாய்த் தீவின் ஹொனலூலு துறைமுகத்தில் கடை வைத்திருந்த நார்மன் காலின்ஸ் (1911-1973), 'மாலுமி ஜெர்ரி' என்று பெயர் பெற்றவர், இத்தகைய படங்களுக்குப் புகழ் பெற்றவர். கள், காமம், சூது என நம் நீதிநூல்கள் வரிசைப்படுத்தும் அதே தீமைகளை மாலுமியும் ஒரே படத்தில் வரைந்துகொண்டான். ஒரு வேறுபாடு உண்டு: திருக்குறளில் 94-ஆம் அதிகாரம் சூதை விலக்கச் சொல்கிறது, மாலுமி, 'இவற்றால்தான் கெட்டேன், தெரிந்தே கெட்டேன்' என்று பாதி எச்சரிக்கையாகவும் பாதிப் பெருமையாகவும் சொல்கிறான். பெண்ணை அழிவுப் பட்டியலில் சேர்த்தது இன்றைய பெண்களுக்கு ஏற்புடையதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

6. ஜப்பானியப் பூச்சீட்டு

1543-ல் ஜப்பானில் இறங்கிய போர்ச்சுகீசியர் சீட்டுக்கட்டையும் கொண்டு சென்றார்கள். சீட்டுக்கு ஜப்பானியர் வழங்கும் 'கருத்தா' என்ற சொல்லே போர்ச்சுகீசியச் சொல். அரசாங்கம் சூதாட்டத்தைத் தடை செய்யத் தடை செய்ய, மக்கள் எண்கள் இல்லாத புதுச் சீட்டுகளை உருவாக்கினார்கள். அப்படி நிலைபெற்றதுதான் பூச்சீட்டு. மொத்தம் 48 சீட்டுகள். 12 மாதங்களுக்கு மாதம் நான்கு. முதல் மாதத்திற்குப் பைன் மரமும் கொக்கும். மூன்றாம் மாதத்திற்குச் செர்ரிப் பூ. எட்டாம் மாதத்திற்கு நாணல் புல்லின் மேல் முழு நிலவு. காட்டுப்பன்றி, மான், வண்ணத்துப்பூச்சி ஆகிய மூன்று சீட்டுகளும் ஒருவர் கையில் சேர்ந்தால் தனிப் புள்ளி. பச்சையிலும் இம்மூன்றையும் சேர்த்தே குத்துவார்கள். 1889-ல் கியோட்டோவில் பூச்சீட்டு தயாரிக்கத் தொடங்கிய கடைதான், நம் பிள்ளைகள் அறிந்த நிண்டெண்டோ.

இச்சீட்டோடு ஒரு இருண்ட வரலாறும் ஒட்டியிருக்கிறது. ஜப்பானியக் குற்றக் குழுக்களுக்கு வழங்கும் 'யாக்குசா' என்ற பெயருக்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் சீட்டாட்டத்தைச் சேர்ந்தது: யா என்றால் 8, கு என்றால் 9, சா என்றால் 3. கூட்டினால் 20. அந்த ஆட்டத்தில் கடைசி இலக்கம் மட்டுமே கணக்கு, எனவே பூஜ்யம். உதவாத கை! சமூகத்திற்கு உதவாதவர்கள் என்று தங்களையே சொல்லிக்கொண்டார்கள். 1872-ல் ஜப்பானிய அரசு பச்சை குத்துவதைத் தடை செய்தது; 1948-ல்தான் தடை நீங்கியது. ஆயினும் பச்சை என்றால் குற்றவாளி என்ற எண்ணம் முழுவதும் நீங்கவில்லை. வெந்நீர் ஊற்றுக் குளியலிடங்கள் பலவற்றில் இன்றும் பச்சை உள்ளவரை அனுமதிப்பதில்லை. மான், மலர் என்று அழகுக்காகக் குத்திக்கொண்டு அங்கே வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பொருள் தலைகீழாவதற்கு இன்னொரு சான்று சோவியத் சிறைகள். அங்கே கைதிகளுக்குள் கறுப்புக் குறிகள் கௌரவம். சிவப்புக் குறிகள் அவமானம். காட்டிக்கொடுத்தவன் மீது டைமண்ட் குறியை வலுக்கட்டாயமாகக் குத்திவிடுவார்கள். நம் வீட்டில் காதலுக்கு அடையாளமான சிவப்பு அங்கே வாழ்நாள் தண்டனை.

7. ஐந்து நிறங்களும் ஐந்திணையும்

இனி நம் மாணவியின் சின்னத்திற்கு வருவோம். 1993-ல் ரிச்சர்டு கார்ஃபீல்டு என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் புதுவகைச் சீட்டாட்டத்தை உருவாக்கினார். இதில் 52 சீட்டு என்ற கணக்கு இல்லை. ஒவ்வொருவரும் சீட்டுகளைச் சேகரித்து, தமக்கென ஒரு கட்டை அமைத்துக்கொண்டு ஆட வேண்டும். ஆட்டத்தின் சக்தி நிலங்களிலிருந்து வருகிறது. நிலங்கள் ஐந்து வகை:

சமவெளி – வெள்ளை – சூரியன் – ஒழுங்கு.
தீவு – நீலம் – நீர்த்துளி – அறிவு.
சதுப்பு – கறுப்பு – மண்டையோடு – தன்னல வேட்கை.
மலை – சிவப்பு – தீ – உணர்ச்சி வேகம்.
காடு – பச்சை – மரம் – வளர்ச்சி.

இவ்வைந்தையும் வட்டமாக அடுக்கினால், பக்கத்தில் உள்ளவை நட்பு. எதிரே உள்ளவை பகை. இவ்வாட்டப் பிரியர்கள் அதிகம் குத்திக்கொள்வது இந்த ஐந்து குறிகளை, அல்லது தம் குணத்திற்கு ஏற்ற ஒன்றிரண்டை மட்டும்.

அம்மாணவி இதை எனக்கு விளக்கியபோது, "அங்கிள், இதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்றாள். நான் ஒரு தாளில் குறிஞ்சி மலை, முல்லை காடு, மருதம் வயல், நெய்தல் கடற்கரை, பாலை வறண்ட நிலம் என்று எழுதிக் காட்டினேன். ஒவ்வொரு நிலத்திற்கும் ஒரு பூ, ஒரு தெய்வம், ஒரு பொழுது, ஒரு மனநிலை. குறிஞ்சிக்குக் கூடல், முல்லைக்குக் காத்திருத்தல், மருதத்திற்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிவு. நிலத்தைச் சொன்னால் மனத்தைச் சொன்னதாகும் என்ற இலக்கணத்தைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. ஆட்டத்தை உருவாக்கியவர் இதைப் பார்த்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அப்படித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் நிலமும் குணமும் இணையும் கருத்து அவளுக்குப் பிடித்திருக்கிறதென்றால், அதே கருத்து அவள் வீட்டிலேயே இருக்கிறது என்பதை அவள் அறிய வேண்டாமா? அவள் அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் நெய்தலைப் பற்றி இரண்டு கேள்விகளோடு வந்தாள்.

8. நம் நாட்டுச் சீட்டு

சீட்டுச் சித்திரம் வேண்டும் என்போர் இந்தியாவின் கஞ்சிஃபா சீட்டுகளையும் ஒரு முறை பார்க்கலாம். வட்ட வடிவில், கையால் வண்ணம் தீட்டப்பட்டவை. மொகலாயக் கட்டில் எட்டு இனங்கள், 96 சீட்டுகள். தசாவதாரக் கட்டில் பத்து அவதாரங்களுக்குப் பத்து இனங்கள், 120 சீட்டுகள். ஒவ்வொரு இனத்திலும் ராஜா, மந்திரி, பிறகு ஒன்று முதல் பத்து வரை. மச்சாவதாரத்திற்கு மீன், கூர்மத்திற்கு ஆமை, பரசுராமருக்குக் கோடாரி என எண்ணிக்கைக்கேற்பக் குறிகள் வரும். மகாராஷ்டிரத்தில் நம் புனேவிலிருந்து ஓரிரவுப் பயணத்தில் உள்ள சாவந்த்வாடி, வங்காளத்தில் விஷ்ணுப்பூர், ஒடிசாவில் ரகுராஜ்பூர், கர்நாடகத்தில் மைசூர் ஆகிய ஊர்கள் இதற்குப் பெயர் பெற்றவை. இப்பகுதிகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம்.

9. ஊசி படும் முன்

என் பெரியம்மாவின் இடது முன்கையில் ஒரு தேள் இருந்தது. அவருக்கு ஒன்பது வயதானபோது, ஊருக்கு வந்த குறத்தி, அகத்தி இலையும் மஞ்சளும் சேர்த்து எரித்த கரியைக் குழைத்து, ஊசியால் குத்தியது. தேள் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அவருடைய தாயார் கேட்டார். எழுபது வயதில் தோல் தளர்ந்து, கோடுகள் பரவி, தேளின் கொடுக்கு எது கால் எது என்று தெரியாமல் போயிற்று. பேரப்பிள்ளைகள் அதைப் பல்லி என்றார்கள். அவர் கோபித்துக்கொள்வார். கேட்டுப் பெறாத சித்திரமே ஆனாலும், அறுபது ஆண்டுகள் உடன் இருந்தால் அது அவருடையதாகிவிடுகிறது.

இதிலிருந்து சில நடைமுறைச் செய்திகள்:

(அ) மை தோலுக்குள் நாளடைவில் பரவும். சீட்டின் மூலையிலுள்ள சிறு எண்களும் ராஜாவின் முகக் கோடுகளும் முதலில் மங்கும். பெரிய, தடித்த கோடுகளே நிலைக்கும்.

(ஆ) ஒவ்வொருவருக்கும் புது ஊசி, புது மைக்கிண்ணம், கையுறை. இவை இல்லாத இடத்தில் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவை தொற்றும் அபாயம் உண்டு. திருவிழாக் கடைகளில் ஒரே ஊசியால் பலருக்குக் குத்துவதைக் கண்டால் விலகி விடுங்கள்.

(இ) பச்சை குத்திக்கொண்டவர் ஓராண்டு காலம் ரத்த தானம் செய்யக் கூடாது என்பது நம் நாட்டு ரத்த வங்கிகளின் விதி. நம் சங்க ரத்த தான முகாமுக்கு வரும் இளைஞர்கள் கவனிக்க.

(ஈ) ராணுவத்தில் சேர விரும்புவோருக்கு முன்கையின் உட்புறத்திலும் உள்ளங்கையின் மறுபுறத்திலும் மட்டுமே பச்சை அனுமதிக்கப்படுகிறது. பழங்குடியினருக்கு அவர்கள் மரபுப்படி விலக்கு உண்டு. துணை ராணுவப் படைகளில் முன்கையின் உட்புறம் போன்ற வழக்கமான இடங்களில், அதுவும் சல்யூட் அடிக்காத இடது கையில், அந்த உறுப்பின் கால் பங்குக்கும் குறைவான அளவில் இருக்க வேண்டும். தேர்வு அறிவிப்பை வரிக்கு வரி படித்த பிறகே எதையும் முடிவு செய்ய வேண்டும். வலது முன்கையின் வெளிப்புறத்தில் ஒரு சித்திரம், இரண்டாண்டுப் படிப்பையும் பயிற்சியையும் ஒரே மருத்துவப் பரிசோதனையில் வீணாக்கிவிடலாம்.

(உ) லேசர் முறையில் அகற்றலாம். ஆனால் பல தடவை செல்ல வேண்டும், குத்தியதைவிடப் பன்மடங்கு செலவாகும், தழும்பும் தங்கலாம். கறுப்பு எளிதில் போகும். பச்சை, மஞ்சள் நிறங்கள் பிடிவாதமானவை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சீட்டு என்றாலே சூது என்று நாம் வளர்ந்தோம். பணம் வைத்து ஆடியதால் அழிந்த குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த அச்சம் நியாயமானது. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-ல் கூறியது. அதே வேளையில், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ல் மத்திய அரசு சட்டம் இயற்றித் தடை செய்தது. ஆட்டம் வேறு, பணம் வேறு என்று பிரித்துப் பேசினால் பிள்ளைகள் காது கொடுப்பார்கள். 'கூடாது' என்று மட்டும் சொன்னால், சட்டைக் கைக்குள் மறைத்துக் குத்திக்கொண்டு வருவார்கள். அப்போது ஊசி புதியதா என்று கேட்கவும் நமக்கு வாய்ப்பு இராது.

இளைஞர்களுக்கு என் யோசனை: விரும்பும் சித்திரத்தைப் பேனாவால் கையில் வரைந்துகொண்டு ஒரு மாதம் நடமாடுங்கள். அழிந்தால் மீண்டும் வரையுங்கள். அலுவலகத்திலும் கோயிலிலும் ரயிலிலும் பார்ப்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். மாதக் கடைசியிலும் அதே சித்திரம் வேண்டும் என்று தோன்றினால், பெற்றோரை அருகில் அமர்த்தி அதன் கதையைச் சொல்லுங்கள்.

சிறுவர், இளைஞர்களுக்கான கேள்விகள்

1. இஸ்பேட் ஆஸ் மற்ற ஆஸ்களைவிட அலங்காரமாக இருப்பது ஏன்?
2. ஹிக்காக்கின் கையிலிருந்த சீட்டுகள் பற்றிய கதையை நாம் ஏன் ஐயத்தோடு ஏற்க வேண்டும்?
3. ஆட்டின் ராஜாவின் கையில் முதலில் இருந்த ஆயுதம் எது?
4. ஆட்டின் குறிக்குத் தமிழ், மராத்தி, இந்தி ஆகிய மொழிகளில் என்ன பெயர்? உங்கள் அண்டை வீட்டார் பேசும் வேறொரு மொழியில் கேட்டு எழுதுக.
5. ஐந்திணைகளின் பெயர்களையும் அவற்றின் நிலங்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு குறி வரைக. காகிதத்தில் மட்டும்!